வீரரின் பெயர் தாங்கிய கப்பல்

போரிலே உயிர் துறந்த ஒருவருக்கு நாடு செய்யக்கூடிய சிறப்புக்கள் பல. கல்லிற் பெயர் பொறிக்கலாம், வீதிக்குப் பெயர் சூட்டலாம், சிலை நிறுவலாம். கடற்படை வலிமை மிக்க நாடுகள் இவற்றோடு இன்னுமொரு சிறப்பையும் செய்து வருகின்றன. இறந்தவரின் பெயரைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு இடுவதே அது. சிலை நிறுவிய இடத்திலேயே நிற்கும். கப்பலோ கடலோடும், புதிய மாலுமிகளை ஏற்கும், பெயருக்குரியவர் எண்ணியும் பாராத கடமைகளைச் செய்யும். ஐக்கிய அமெரிக்காவின் நாசகாரிக் கப்பலொன்றின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

அக்கப்பலின் பெயருக்குரியவர் இளைய யோசப் கென்னடி. பிரித்தானியாவில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவரின் மூத்த மகன். பின்னாளில் சனாதிபதியான யோன் கென்னடியின் தமையன். 1915ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிற் கடற்படை விமானியாகி, இங்கிலாந்திலிருந்து பலமுறை பறந்து கடமையாற்றினார். தமக்குரிய பறப்புக்களை முடித்துத் தாயகம் திரும்பும் உரிமை பெற்ற பின்னரும், ஆபத்து மிகுந்த பணியொன்றைத் தாமாகவே கேட்டு ஏற்றார்.

பிரான்சின் வட கரையில், மிமொயெக் என்னுமிடத்தில், இலண்டன் நகரைத் தாக்கவல்ல நெடுந்தூரப் பீரங்கிகளை ஜேர்மானியர் நிலத்தடியில் அமைத்து வந்தனர். அதனைத் தகர்க்க ஒரு வழி வகுக்கப்பட்டது. பெரிய குண்டுவீச்சு விமானமொன்றில் ஏறத்தாழ 21,000 இறாத்தல் வெடிமருந்து ஏற்றப்படும். இரு விமானிகள் அதனை மேலெழுப்பி, வெடிக்கும் பொறியைச் செயற்படுத்திவிட்டுப் பரசூட்டின் மூலம் குதித்துவிடுவர். ஆளற்ற விமானத்தை வானொலி அலைகளால் இயக்கி, இலக்கின் மீது மோதச் செய்வர்.

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி கென்னடியும், வில்போட் வில்லி என்னும் அதிகாரியும் புறப்பட்டனர். அவர்கள் குதிப்பதற்கு முன்னரே, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில், விமானம் வானில் வெடித்துச் சிதறியது. இருவர் உடலும் கிடைக்கவில்லை. வில்லிக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். இருவருக்கும் கடற்படையின் உயரிய வீர விருது வழங்கப்பட்டது. அவர்கள் தகர்க்கச் சென்ற அரணோ, யூலை மாதத்திற் பிரித்தானியர் வீசிய குண்டுகளால் ஏற்கெனவே பயனற்றுப் போயிருந்தது. அவ்வுண்மையை நேச நாட்டார் அப்போது அறிந்திலர்.

1945ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி, கென்னடி உயிரோடிருந்தால் முப்பது வயது நிறைவெய்தியிருக்கும் நாளுக்கு மறுநாள், மசசூசெற்ஸ் மாநிலத்தின் குயின்சித் துறையில் அவர் பெயர் பூண்ட நாசகாரி நீரில் இறக்கப்பட்டது. பதினேழு வயது நிரம்பிய தங்கை ஜீன் பெயர் சூட்டினார். திசெம்பரிற் கப்பல் கடற்படையிற் சேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது. மறு ஆண்டு தம்பி றொபேட் கென்னடி, அதிகாரிப் பயிற்சியை விடுத்து, தமையனின் பெயருடைய அக்கப்பலிலே சாதாரண மாலுமியாகச் சில மாதம் பணி புரிந்தார். 1951ஆம் ஆண்டிற் கப்பல் கொரியப் போர்க்களத்திற்கும் சென்றது.

ஆயினும், அக்கப்பலைச் சரித்திரத்தில் நிலைபெறச் செய்த நாள் 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதியாகும். சோவியத்து ஏவுகணைகள் கியூபாவில் நிறுவப்படுவதை அறிந்த சனாதிபதி யோன் கென்னடி, அத்தீவைச் சூழக் கடல் தடை விதித்திருந்தார். றொபேட் அப்போது சட்டமா அதிபர். அணுவாயுதப் போர் மூளுமோ என உலகம் அஞ்சிய வேளையில், சோவியத்து அரசு வாடகைக்கு அமர்த்திய மறுக்லா என்னும் லெபனான் நாட்டுச் சரக்குக் கப்பலை மறித்துச் சோதிக்கும் பணி இந்நாசகாரிக்கு வாய்த்தது. மற்றொரு நாசகாரியும் துணை நின்றது. அமெரிக்க மாலுமிகள் சரக்குக் கப்பலில் ஏறினர். உள்ளே இருந்தவை காகிதம், கந்தகம், லொறிகள், உதிரிப் பாகங்கள் முதலியன. படைக்கலம் எதுவும் இல்லை. சில மணி நேரத்திற் கப்பல் தன் வழியே செல்ல விடப்பட்டது. ஒரு வேட்டேனும் தீர்க்கப்படவில்லை. தடை உறுதியானது என்பதும், அதனைக் காப்போர் போரை விரும்பவில்லை என்பதும் ஒருங்கே புலப்படுத்தப்பட்டன.

1973ஆம் ஆண்டிற் சேவையிலிருந்து நீக்கப்பட்ட இக்கப்பல், மறு ஆண்டு முதல் மசசூசெற்ஸின் போல் றிவர் துறையிற் காட்சிக் கப்பலாக வைக்கப்பட்டது.

கப்பலின் மீது பொறித்தது ஒருவர் பெயரே. அன்று விமானத்தில் இறந்தவர் இருவர். பெயரிடும் மரபின் குறை இது. அவர்களின் இறுதிப் பறப்பு இலக்கையும் அடையவில்லை. ஆனால் வெற்றியை அளந்தன்று, துணிவை மதித்தே அப்பெயர் இடப்பட்டது. வெடிமருந்தோடு வானிற் சிதறிய ஒருவரின் பெயரைத் தாங்கிய கப்பல், போரின் விளிம்பிலே ஓருயிரும் போகாமற் கடமையை முடித்தது. இறந்தாருக்கு இருப்போர் செய்யத்தக்க சிறப்பு இதனினும் வேறு யாது?