பஞ்ச் (பானம்)

பஞ்ச் என்பது வடிமதுவுடன் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர் அல்லது தேநீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைப் பெரிய கலத்தில் ஒன்றாகக் கலந்து, சிறு கோப்பைகளில் பகிர்ந்து அருந்தும் கலவை மதுபானம் ஆகும். காக்டெய்ல் என இன்று அறியப்படும் கலவைகள் பலவற்றுக்கு இதுவே மூதாதை எனலாம். இந்தியாவில் தங்கியிருந்த ஐரோப்பிய வணிகர்களிடையே 17ஆம் நூற்றாண்டில் இது பரவலாக வழங்கியது. இதனை வீட்டில் கலக்கத் தனிக் கருவி ஏதும் வேண்டியதில்லை. அளவுக் குவளையும் சிறிது கணக்கும் போதுமானவை. குத்துச்சண்டையிலும் திரைப்பட வசனத்திலும் வழங்கும் பஞ்ச் வேறு பொருளுடையது.

சொற்பிறப்பு

ஐந்து எனப் பொருள்படும் இந்திச் சொல்லான பாஞ்ச் என்பதிலிருந்து இப்பெயர் வந்தது என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் விளக்கம். பஞ்சாமிர்தம், பஞ்சகவ்வியம் ஆகியவற்றில் உள்ள பஞ்ச என்னும் வடசொல்லும் இதே வேரினது. 1670களில் இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர், 1698இல் வெளியான தம் பயண நூலில், ஐந்து பொருள்கள் சேர்வதால் இப்பெயர் ஏற்பட்டது என எழுதியுள்ளார்.

இவ்விளக்கத்தை அனைவரும் ஏற்கவில்லை. 1638இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மாண்டெல்ஸ்லோ, அங்கிருந்த ஆங்கிலேயர் அருந்திய இதே பானத்தில் வடிமது, பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என நான்கு பொருள்களையே குறிப்பிடுகிறார். மேலும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல்லின் உயிரொலி உகரத்தை ஒத்திருந்தது. இந்திச் சொல்லோடு அது பொருந்தி வரவில்லை. கப்பல்களில் மது ஏற்றப்பட்ட பஞ்சன் என்னும் பீப்பாயின் பெயரே சுருங்கியது என்பது மாற்றுக் கருத்து. ஐந்து என்னும் விளக்கம் கேட்பதற்கு அழகாக இருப்பதே அதன் மீது ஐயம் கொள்ள ஒரு காரணம் எனலாம்.

வரலாறு

பஞ்ச் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆங்கிலக் குறிப்புகளுள் ஒன்று சோழமண்டலக் கடற்கரையோடு தொடர்புடையது. 1632இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், பெத்தபள்ளியில் (இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நிசாம்பட்டினம்) இருந்த ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவன வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பஞ்ச் அருந்த வேண்டாம் என அறிவுறுத்தியுள்ளார். ஆக, இப்பானத்தின் பெயர் ஏடேறியதே ஓர் எச்சரிக்கையோடுதான்.

ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட திராட்சை மதுவும் பியரும் ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட கடற்பயணத்தில் கெட்டுவிடுவது வழக்கம். கரையில் எளிதாகக் கிடைத்தது உள்ளூர்ச் சாராயம். அதனை ஆங்கிலேயர் அரக் என்றனர். வியர்வை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாக வடிவதைக் குறித்தது. கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளிலிருந்தும், ஜாவாவின் பத்தாவியாவில் கரும்புப் பாகோடு அரிசி சேர்த்தும் இது வடிக்கப்பட்டது. நெடியும் காரமும் மிக்க இச்சாராயத்தைப் புளிப்பாலும் இனிப்பாலும் தணித்து, நீரால் நெகிழ்த்தி அருந்தியதே பஞ்ச்.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலும் இது சிக்கலானது. 1670களில் கோட்டை நிருவாகம் இயற்றிய விதிகளுள் ஒன்று, ஒருவர் ஒரு வேளையில் அரை பைண்ட் (ஏறத்தாழ கால் லிட்டர்) அரக் அல்லது பிராந்திக்கு மேல் அருந்தலாகாது என்றது. மீறினால் அருந்தியவருக்கு மட்டுமன்றி, ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரருக்கும் தண்டம் உண்டு. விருந்தினரின் 12 பணத்தோடு ஒப்பிட, வீட்டுக்காரருக்கு ஒரு வராகன் என அவருடைய தண்டமே பெரியதாக இருந்தது. கலத்தை முன்வைப்பவரே அளவுக்குப் பொறுப்பு என்னும் கருத்து இதில் அடங்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

கப்பல் மாலுமிகள் வழியே பஞ்ச் இங்கிலாந்தை அடைந்து, 18ஆம் நூற்றாண்டில் விருந்துகளின் நடுநாயகமாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அரக்கின் இடத்தை ரம் பிடித்தது. சுவீடனில், 1731இல் தொடங்கப்பட்ட அந்நாட்டுக் கிழக்கிந்திய நிறுவனம் கொண்டுவந்த அரக்கினால் புன்ச் என்னும் தனி வகை தோன்றி இன்றும் வழங்குகிறது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிய கலம் சுருங்கி ஒற்றைக் கோப்பையாயிற்று. ஜெரி தாமஸ் 1862இல் வெளியிட்ட கலவை நூல் பஞ்ச் வகைகளிலிருந்தே தொடங்குகிறது. விஸ்கி சவர், கியூபாவின் டைகிரி போன்ற புகழ்பெற்ற காக்டெய்ல்களைப் பிரித்துப் பார்த்தால், ஒருவருக்கெனச் சுருக்கிய பஞ்சே அங்கு இருப்பதைக் காணலாம்: மது, எலுமிச்சை, சர்க்கரை, உருகும் பனிக்கட்டியின் நீர்.

கூறுகளும் அவற்றின் பணியும்

எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து எத்தனாலின் எரிச்சலை நாவிலிருந்து மறைக்கின்றன. பானத்தின் சுவைக்கும் அதன் இடருக்கும் இதுவே காரணம். மணப்பொருளாகப் பெரும்பாலும் சாதிக்காய் துருவப்படும். நீருக்குப் பதிலாகத் தேநீர் சேர்த்தால், அதன் துவர்ப்பு இனிப்பின் திகட்டலைக் குறைக்கும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் வழங்கும் பானகத்திலும் எலுமிச்சை (அல்லது புளி), வெல்லம், நீர், சுக்கு, ஏலம் என இதே அமைப்பு காணப்படுகிறது. மது மட்டும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாக இதனைக் கொள்ளலாகாது. ஆயினும் மது அருந்தாதவர்க்கு பஞ்ச் எவ்வாறு சுவைக்கும் என விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

விகிதம்

கரிபியத் தீவுகளில் வழங்கும் பழைய வாய்பாட்டின்படி புளிப்பு 1 பங்கு, இனிப்பு 2 பங்கு, மது 3 பங்கு, நீர் 4 பங்கு. இதில் பெரும்பங்கு நீரே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இந்தியாவில் விற்கப்படும் ரம், பிராந்தி, விஸ்கி ஆகியவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு எத்தனால் உள்ளது. பத்துப் பங்கில் மூன்று பங்கு மது எனில், கலவையின் செறிவு 12.8 விழுக்காடு, அதாவது திராட்சை மதுவின் அளவு. இனிப்பு இரண்டு பங்கு என்பது இக்கால நாவுக்கு மிகுதி. ஒன்றரைப் பங்காகக் குறைப்போர், அந்த அரைப் பங்கை நீரில் கூட்டிக்கொண்டால் செறிவு மாறாது.

வீட்டில் கலக்கும் முறை

750 மி.லி. ரம்முக்கான அளவு கீழே தரப்படுகிறது. இது ஏறத்தாழ இருபது சிறு கோப்பைகளுக்கு வரும்.

ஐந்து எலுமிச்சம்பழங்களின் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும். தோலை 300 கிராம் சர்க்கரையுடன் சேர்த்து நன்கு பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால், தோலிலுள்ள எண்ணெய் சர்க்கரையில் ஊறிவிடும். எலுமிச்சையின் மணம் சாற்றைவிடத் தோலில்தான் மிகுதி. இந்தப் படியைத் தவிர்த்தால் கிடைப்பது மது கலந்த எலுமிச்சைச் சாறு மட்டுமே. பின்னர் 300 மி.லி. வெந்நீர் ஊற்றிச் சர்க்கரையைக் கரைத்தால் ஏறத்தாழ அரை லிட்டர் பாகு கிடைக்கும். ஆறியபின் 250 மி.லி. எலுமிச்சைச் சாறு (12 அல்லது 13 பழங்கள்) சேர்த்து வடிகட்டி, ரம்மையும் ஒரு லிட்டர் பாலில்லா இளந்தேநீரையும் கலக்க வேண்டும். கலம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருத்தல் நன்று. பித்தளை, செம்பு, அலுமினியக் கலங்களை அமிலம் அரிக்கும்.

பனிக்கட்டிக் கணக்கு

17ஆம் நூற்றாண்டு இந்தியாவில் பஞ்ச் பனிக்கட்டியின்றியே அருந்தப்பட்டது. சென்னையில் பனிக்கட்டி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது, அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்காக 1842இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) கட்டப்பட்ட பின்னரே.

குளிர்நாட்டு நூல்களின் அளவுகளை அப்படியே பின்பற்றுவோர் தவறுவது இங்குதான். சென்னை, திருவள்ளூர் வட்டாரத்தில் கோடையில் அறை வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். 2.5 லிட்டர் கலவையை 30 பாகையிலிருந்து உறைநிலைக்கு அருகே கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் 334 கிலோஜூல் உறிஞ்சும். ஆகவே ஏறத்தாழ 900 கிராம் பனிக்கட்டி உருகி நீராகச் சேர்ந்துவிடும், 12.8 விழுக்காட்டுச் செறிவு 9.4ஆகக் குறையும், சுவையும் நீர்த்துப்போகும். "மது போதவில்லை" என நினைத்து மேலும் ஊற்றுவதே பின்னர் வழக்கமாக நேர்வது.

கலவையை முன்னரே குளிர்பெட்டியில் வைத்து 5 பாகைக்குக் கொண்டுவந்தால், உருகும் பனி 150 கிராம் அளவே. செறிவு 12 விழுக்காட்டில் நிற்கும். பனிக்கட்டியும் சிறு துண்டுகளாக அன்றி, முதல்நாள் இரவே ஓர் எவர்சில்வர் டப்பாவில் உறையவைத்த ஒரே பாளமாக இருப்பது நல்லது. எடைக்கு ஏற்ற மேற்பரப்பு குறைவாதலால் அது மெதுவாக உருகும்.

பால் பஞ்ச்

கலவையைக் காய்ச்சிய பாலில் ஊற்றினால் அமிலத்தால் பால் திரியும். திரிந்த கேசீன் புரதம், துவர்ப்பையும் நிறத்தையும் தரும் பொருள்களைப் பற்றிக்கொள்ளும். துணியில் பொறுமையாக வடிகட்டினால், தெளிந்த பானம் கிடைக்கும். பனீர் செய்வதும் இதே வேதியியல்தான், ஆனால் இங்கு எறியப்படுவது பனீர். அமெரிக்க அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்கிளின் 1763இல் நண்பருக்கு இதன் செய்முறையை எழுதி அனுப்பியுள்ளார். பல மாதம் கெடாது என்பதால் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இது மதிப்புப் பெற்றிருந்தது.

அருந்தும் அளவு

மேற்கண்ட கலவையில் 120 மி.லி. கொண்ட ஒரு சிறு கோப்பையில் 36 மி.லி. மது உள்ளது. ஐந்து கோப்பைகள் அருந்தியவர் 180 மி.லி., அதாவது தமிழ்நாட்டில் குவார்ட்டர் எனப்படும் அளவை முழுதாக அருந்திவிட்டார். இனிப்பும் குளிர்ச்சியும் இதனை நாவுக்கு உணர்த்துவதில்லை. பொதுக் கலத்திலிருந்து அவ்வப்போது முகந்துகொள்வதால் எண்ணிக்கையும் தவறும். கரண்டியை ஒருவர் கையில் மட்டும் கொடுத்து, கோப்பைகளை எண்ணி வழங்குவது பழைய விருந்துகளின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. வண்டி ஓட்டுவோர்க்கு "அரைக் கோப்பை மட்டும்" என்னும் சலுகை பொருந்தாது.

சாராயமும் மெத்தனாலும்

பஞ்சின் மூலப்பொருளான சாராயம் தமிழ்நாட்டில் இன்று சட்டப்படி விற்கப்படுவதில்லை. கள் இறக்கவும் 1987 முதல் தடை உள்ளது. மதுபானச் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. 21 வயது நிரம்பாதவர்க்கு விற்பது குற்றம். கலப்பது வேறு, வடிப்பது வேறு: வீட்டில் சாராயம் வடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி தண்டனைக்குரியது. இலங்கையில் தென்னஞ்சாராயம் உரிமம் பெற்ற தொழிலாக நடைபெறுவதால், பழைய முறைப்படியான பஞ்சை அங்கு இன்றும் கலக்கலாம்.

உரிமமற்ற சாராயத்தின் பேரிடர், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் அதில் கலக்கப்படுவதாகும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும் இவ்வாறு உயிரிழந்தனர். மெத்தனால் மணத்திலும் சுவையிலும் எத்தனாலை ஒத்திருப்பதால் நாவால் பிரித்தறிய இயலாது. எலுமிச்சை, பால், சூடாக்குதல், வடிகட்டுதல் எவையும் அதனை நீக்கா. உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது.

பார்வை மங்குதல், கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும்; எத்தனாலும் சேர்ந்திருந்தால் மேலும் தாமதமாகலாம். மருத்துவமனையில் போமெபிசோல் அல்லது அளவிட்ட எத்தனால் கொடுத்தும், தேவைப்பட்டால் குருதிச் சுத்திகரிப்புச் செய்தும் காப்பாற்ற முடியும். எத்தனால் முறிமருந்தாதலால் "நல்ல சரக்கு" குடித்தால் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை சில இடங்களில் உள்ளது. மருத்துவமனையில் அது குருதியில் அளந்து, பல மணி நேரம் தொடர்ந்து கொடுக்கப்படுவது. வீட்டில் குடிப்பது அறிகுறிகளைத் தள்ளிப்போட்டு, சிகிச்சைக்கான நேரத்தை வீணாக்கிவிடும்.