கிராக்கர் வேறு, பயர் ஒர்க்ஸ் வேறு... தெரியுமா?

தீபாவளி வந்தால் நம் வாயில் 'கிராக்கர்ஸ்'. சிவகாசி ஆலைகளின் பெயர்ப் பலகையில் 'பயர் ஒர்க்ஸ்'. இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? இல்லவே இல்லை! கிராக்கர் எல்லாமே பயர் ஒர்க்ஸ்தான். ஆனால் பயர் ஒர்க்ஸ் எல்லாமே கிராக்கர் ஆகிவிடாது. 'கிராக்' என்பதே படாரென்று எழும் சத்தத்துக்கான ஆங்கிலச் சொல். குருவி வெடி, லட்சுமி வெடி, சரவெடி எல்லாம் கிராக்கர். கம்பி மத்தாப்பும் சங்கு சக்கரமும் புஸ்வாணமும் ஒளி காட்டுபவை, அவை பயர் ஒர்க்ஸ் மட்டுமே!

தமிழில் பேசும்போது நாம் இதைத் தவறவே விடுவதில்லை, கவனித்தீர்களா? வெடியை வெடிக்கிறோம், மத்தாப்பைக் கொளுத்துகிறோம், ராக்கெட்டை விடுகிறோம். 'மத்தாப்பு வெடித்தேன்' என்று குழந்தைகூடச் சொல்லாது!

இந்த வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போனது தெரியுமா? ஒலி மாசு வழக்கில் 2005 ஜூலையில் வந்த தீர்ப்பு, பட்டாசை இரண்டாகப் பிரித்தது: சத்தம் தருபவை, ஒளியும் நிறமும் தருபவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை சத்தம் போடுபவற்றுக்கு மட்டும்தான். மத்தாப்புக்கு நேரக் கட்டுப்பாடு தேவையில்லை என்றே சொல்லிவிட்டார்கள்! வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதி 1999-லேயே வந்துவிட்டது. பிறகு 2018 அக்டோபரில் சரவெடிக்கே தடை. நேரக் கட்டுப்பாடும் மத்தாப்பு, வெடி என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் வந்தது. அந்தத் தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தது நினைவிருக்கும்.

எரிவதும் வெடிப்பதும் இரண்டு வேறு மருந்துகளின் வேலை என்று நினைப்போம். ஆச்சரியம் இங்கேதான்! வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்தைத் திறந்த வெளியில் பற்றவைத்தால் 'புஸ்' என்று எரிந்து அடங்கும். அதையே காகிதத்தை இறுக்கிச் சுற்றி உள்ளே அடைத்தால், எரியும்போது உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் கூட்டைக் கிழிக்கும். அதுதான் 'டமார்'! சட்டமும் எரிவது, வெடிப்பது என்ற பேதம் பார்ப்பதில்லை. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி பயர் ஒர்க்ஸும் 'எக்ஸ்ப்ளோசிவ்' வகைதான். பட்டாசு ஆலைக்குள் உராய்வுக்கும் சிறு பொறிக்கும் அவ்வளவு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் உயிர் அந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது.

பச்சை வேறு, பசுமை வேறு என்பது தெரியுமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கிரீன்' ஒன்றுதான். வானத்தில் பச்சை வெளிச்சம் விரிவது பேரியம் உப்பால். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு. அந்தப் பேரியத்துக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நாக்பூரின் நீரி ஆய்வகத்தின் மாசு குறைந்த 'கிரீன் கிராக்கர்' புழக்கத்துக்கு வந்த அதே காலத்தில், பச்சை நிறம் தரும் உப்பு போய்விட்டது! நம் பத்திரிகைகள் அதைப் 'பசுமைப் பட்டாசு' என்று எழுதியது எவ்வளவு பொருத்தம்!

சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் ஒருவர் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் நாற்காலி வேலை என்று முடிவு கட்டாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றால் அங்கே தொழிற்சாலை!

'மேட்ச்' வேறு, 'சேஃப்டி மேட்ச்' வேறு. பழைய தீக்குச்சியின் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பையே அது அரித்தது. சேஃப்டி மேட்சில் குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. ஆபத்து குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் பூசப்பட்டிருக்கும். இரண்டும் உரசினால்தான் தீ! 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்தது தீப்பெட்டித் தொழிலைத்தான். பட்டாசு அதற்குப் பிறகே வந்தது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியிலும் உள்ளே என்ன ரசாயனம் என்று அச்சிட வேண்டும் என்றதும் அதே 2005 தீர்ப்புதான். அடுத்த தீபாவளிக்குப் பெட்டியைப் பிரிக்கும் முன் அதைப் படியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.