ரவுட்டரைத் தாண்டாத கேள்வி

கைபேசியில் அச்சிடச் சொன்னதும் பக்கத்து அறை பிரின்டரின் பெயர் திரையில் தோன்றிவிடுகிறது. அதன் முகவரியை நாம் கொடுக்கவில்லை. கைபேசிதான் 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில், "பிரின்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கிறது. அந்த முகவரியில் காதுவைத்திருக்கும் பிரின்டர் பதில் சொல்கிறது. இடையில் சர்வரே கிடையாது. மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் எனப்படும் இந்த அருமையான ஏற்பாட்டை ஆப்பிள் 2002இல் மேக் கணினிகளில் கொண்டுவந்தது. அதன் தர ஆவணம் 2013இல் வெளியானது.

ஆனால் பாதுகாப்புக்காகப் பிரின்டரையும் கேமராவையும் தனி விலேனில், அதாவது நெட்வொர்க்கின் தனிப் பிரிவில், வைத்துவிட்டால் பெயர் மறைந்துபோகும். 224.0.0 என்று தொடங்கும் குழு முகவரிகளுக்கான செய்திகளை எந்த ரவுட்டரும் அடுத்த பிரிவுக்கு அனுப்பக்கூடாது என்பது விதி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்பறை ஆப்பிள் டிவி ஒரு பிரிவிலும் ஆசிரியரின் ஐபேட் வேறொரு பிரிவிலும் இருந்து தவித்ததால், நெட்வொர்க் நிர்வாகிகள் 2012இல் ஆப்பிளுக்கு மனுவே அனுப்பினார்கள்.

எளிய மருந்து, எதிரொலிப்பான். லினக்ஸில் உள்ள அவாஹி நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியை மாற்றினால், ஒரு பிரிவில் கேட்டதை மற்றதிலும் அப்படியே திருப்பிச் சொல்லும். வீட்டுக்கு இது போதும். பெரிய வளாகத்துக்கு ஆகாது: வை-ஃபையில் குழுச் செய்திகள் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் போவதால், எல்லாப் பிரிவுகளின் பேச்சும் எல்லா இடத்திலும் ஒலித்தால் அலைவரிசை அதிலேயே கரைந்துவிடும். அதே இரு பிரிவுகளை இரண்டு எதிரொலிப்பான்கள் இணைத்தால் ஒரே செய்தி சுற்றிச்சுற்றி வரவும் கூடும்.

இதைவிட நல்ல வழி, கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் வெகுகாலமாக இருக்கிறது. முகவரியில்லாத புதுக் கணினி 255.255.255.255க்கு அனுப்பும் பொது வேண்டுகோளை ரிலே வாங்கி, தன் முகவரியையும் அதில் எழுதி, சர்வருக்கு மட்டும் நேரே அனுப்பும். வேண்டுகோள் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று அந்த முகவரியைப் பார்த்தே சர்வர் தெரிந்துகொள்ளும். 2020இல் தர ஆவணம் பெற்ற கண்டறிதல் பிராக்ஸியும் இப்படித்தான்: வெளியிலிருந்து ஒருவர் சாதாரண டிஎன்எஸ் மூலம் கேட்கும்போது மட்டும் தன் பிரிவுக்குள் விசாரித்து விடை தரும். என் பார்வையில் இதுவே சரியான பாதை.

எந்த வழியானாலும் கிடைப்பது பெயரும் முகவரியும்தான். அச்சிடும் கோப்பு போய்ச் சேர, ஃபயர்வாலில் பிரின்டரை நோக்கி 631ஆம் போர்ட்டைத் தனியே திறந்துவிட வேண்டும். பிரின்டர் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கும் இணைப்புகளை மூடியே வைக்கலாம்.