மேளத்தில் எழுதிய செல் எண்

தெற்கே எந்த ஊர்க் கோயில் கொடைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பேண்டு வாத்தியக் குழுவின் பெரிய மேளத்தில், வட்டத்தின் நடுவே, குழுவின் பெயர் சிவப்பும் நீலமுமாக எழுதியிருக்கும். கீழே ஊர்ப் பெயர். அதற்கும் கீழே இரண்டு செல் எண்கள். சாமி வீதியுலா வரும்போது மேளம் முன்னே போகிறது, எண்ணும் கூடவே தெருத்தெருவாகப் போகிறது. வாசிப்பில் மயங்கிப்போன பக்கத்து ஊர் நிர்வாகி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே அதைப் போனில் ஏற்றிக்கொள்கிறார். அடுத்த கொடைக்கு அழைப்பு போய்விடும்.

சினிமாவுக்கு வெளியே பாட்டுப் போடும் இளைஞர்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மேளம்தான் நினைவுக்கு வருகிறது. மாதக்கணக்கில் உழைத்து, கைக்காசைப் போட்டு ஒலிப்பதிவு செய்து, ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் பாட்டை ஏற்றுகிறார்கள். நண்பர்கள் பகிர்கிறார்கள். முதல் வாரம் சில நூறு பேர் கேட்கிறார்கள். பிறகு சத்தமே இல்லை. அந்தச் சில நூறு பேரில் ஒருவருக்குப் பாட்டு மிகவும் பிடித்திருந்தால், அவரை மறுபடி கூப்பிட இவர்களிடம் வழி இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. மேளக்காரர் வழி வைத்திருந்தார்.

தமிழில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே பாட்டைச் சுமக்க நாயகன் இருக்கிறார், டிரெய்லர் இருக்கிறது, பண்பலையும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. சுயாதீனக் கலைஞர் இத்தனையையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முடியாத காரியமில்லை. மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் வரை வந்தது. 2011இல் ஒரு பண்பலை நிலையத்தில் பாடிய பாட்டு இணையத்தில் பரவித்தான் ஹிப்ஹாப் தமிழாவை ஊரறியச் செய்தது. ஆனால் அந்தக் காலத்தில் இணையத்தில் கூட்டம் குறைவு. இன்று ஒவ்வொரு நாளும் உலகெங்கும் பல்லாயிரம் பாடல்கள் ஏறுகின்றன.

முதலில் இணையத்தின் கணக்கைப் புரிந்துகொள்வோம். ஸ்பாட்டிஃபையில் தனி ஆள் நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியீடு என்றால் புதன்கிழமை ஏற்றுவது பலர் செய்யும் தவறு. மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட வேண்டும். காரணம், கலைஞர்களுக்கென்று அந்தத் தளம் வைத்திருக்கும் தனிப் பக்கத்தில், வெளிவராத பாட்டைப் பட்டியல் தொகுப்பாளர்களின் பார்வைக்கு அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்திரப் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். காசு கொடுக்காமல் கிடைக்கும் வாய்ப்பு இது. அவசரத்தில் இதைக் கைவிடுகிறவர்கள் ஏராளம்.

30 நொடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலையும் இல்லை. வசூலை மொத்தமாகச் சேர்த்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வையோ வேண்டும். ஆகவே இந்தத் தளங்களை வருமானமாகப் பார்க்காதீர்கள், கடைவாசலாகப் பாருங்கள். பத்தாயிரம் கேட்பு வாங்கித் தருகிறேன், இவ்வளவு பணம் அனுப்பு என்று செய்தி வந்தால் பதிலே போட வேண்டாம். அந்தக் கேட்பில் பெரும்பகுதி இயந்திரக் கேட்பு. பிடிபட்டால் எண்ணிக்கையை அழிப்பார்கள், பாட்டையே எடுத்துவிடவும் கூடும்.

30 நொடிக் கணக்குக்குப் பயந்து முன்னிசையை வெட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து. பாட்டு பாட்டாகவே இருக்கட்டும். எந்த வரியில் கேட்பவர் தலை தானாக ஆடுகிறதோ, அந்த 20 நொடியை ரீல்ஸுக்கு வெட்டுங்கள். 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடையானது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 2024 தொடக்கத்தில் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ ஊரெல்லாம் ஒலித்ததற்கு, அதன் ஆட்டத்தை ஆயிரக்கணக்கானோர் தாங்களே ஆடிப் போட்டதும் ஒரு காரணம். அதற்குப் பின்னால் பெரிய இசை நிறுவனம் இருந்தது உண்மைதான். ஆனால் கேட்கிறவர் கைக்கு வேலை கொடுத்தால் பாட்டு நடக்கும் என்பது நிறுவனம் இல்லாதவருக்கும் பொருந்தும். ஆட்டம்தான் வேண்டும் என்றில்லை. சேர்ந்து பாட ஒரு வரி, பறையில் அடித்துப் பார்க்க ஒரு தாளம் போதும்.

தமிழ்ப் பாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தேடுகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஒரே ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், நெடிலை ஒருவர் இரட்டிக்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். ஆகவே உங்கள் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டை எல்லாத் தளத்திலும் வையுங்கள். பாட்டின் பெயரையும் முழு வரிகளையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் காணொளியின் கீழே போடுங்கள். அரை மணி நேர வேலை, ஆண்டுக்கணக்கில் பலன் தரும்.

இனி நேரில் செய்ய வேண்டியது. என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி நடந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஏறின. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்திருந்தார்கள். விற்பனைப் பாடமாகவும் அந்தக் கச்சேரியைப் படிக்கலாம். பெயரைக் கேட்டதுமே இவர்கள் யார், எதற்காகப் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. வந்திருந்த ஆயிரக்கணக்கானோரில் பலர் ஒரு கருத்தோடு நிற்க வந்தவர்கள், அதனால் மறுநாளும் பேசினார்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவும் அப்படித்தான். கர்நாடக இசையை மீனவர் குடியிருப்புக்குக் கொண்டுபோனபோது, சபாவுக்கு வராதவர்களும் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பாட்டுதான் போக வேண்டும்.

கல்லூரி விழா, நூலக அரங்கு, காபிக்கடை மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் நிகழ்ச்சி என்று எதையும் சின்ன மேடை என்று ஒதுக்காதீர்கள். ஒருமுறை சென்னையில் ஒரு மாடி அறையில் நாற்பது பேர் இருந்த கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடிய பெண் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு 80 பக்க நோட்டை முதல் வரிசையில் கொடுத்து, “அடுத்த தடவை பாடும்போது சொல்றேன், நம்பர் எழுதுங்க அண்ணா” என்றார். பாட்டு முடிவதற்குள் நோட்டு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிவிட்டது. எண்களுக்குப் பக்கத்தில் சிலர் பிடித்த பாட்டின் பெயரையும் எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மறுபடி போனேன், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. நோட்டுக்குப் பதில் க்யூஆர் கோடு ஒட்டலாம், மின்னஞ்சல் பட்டியல் வைக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பின்தொடரும் ஐயாயிரம் பேரும் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருப்பவர்கள். அல்காரிதம் மாறினால் உங்கள் அறிவிப்பு அவர்களில் எத்தனை பேருக்குப் போகும் என்று நீங்கள் சொல்ல முடியாது.

சிறு கூட்டத்தின் பலத்துக்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ராப் கலைஞர் நிப்ஸி ஹஸில் 2013இல் ‘கிரென்ஷா’ தொகுப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். அதே தொகுப்பின் குறுந்தகட்டில் 1,000 படி மட்டும் போட்டு, ஒன்று 100 டாலர் என்றார். ஒரே நாளில் தீர்ந்துபோனது. இலவசமாகக் கிடைப்பதையே அவரை நம்பியவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். நம் ஊரில் அது கையெழுத்திட்ட பாட்டுப் புத்தகமாகவோ, பனியனாகவோ இருக்கலாம். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ரசிகர் நேரடியாகப் பாட்டை வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் தளத்துக்குப் போகும், மிச்சத்தில் பணப் பரிமாற்றக் கட்டணம் கழிந்து உங்களுக்கு வரும்.

பாட்டு பரவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் வந்து கோடிக்கணக்கான பார்வை பெற்ற பாட்டு. மூன்றாண்டு கழித்து, தனக்கும், பாடிய தீ, அறிவு இருவருக்கும் அதிலிருந்து வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனமும் தன் தரப்பை விளக்கியது. அந்தச் சச்சரவில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. நமக்கு வேண்டியது, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது. மாஸ்டர் உரிமை, அதாவது ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, கணக்கு எப்போது காட்டுவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்திருக்கிறது. அதை வசூலித்துத் தர 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்யாதவரின் பங்கு அவரைத் தேடி வராது. சேர்ந்து எழுதிய பாட்டு என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒலிப்பதிவு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பு கெடாமல் இருக்க அந்தத் தாள்தான் காவல்.

கடைசியாக, பாடாமல் கேட்க மட்டும் செய்யும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஊரில் யாராவது சொந்தப் பாட்டோடு மேடை ஏறினால் நுழைவுச்சீட்டு வாங்கிப் போங்கள். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போய், உங்கள் எண்ணை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.