பேரப்பிள்ளைக்கும் ஒரு பங்கு

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை 62 வயதிலேயே வாங்கலாம். 70 வரை தள்ளினால் தொகை கூடும். 'பொறுத்தால் லாபம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேரக்குழந்தையை வளர்ப்பவர்களுக்கு அந்தக் கணக்கை நான் அப்படியே சொல்வதில்லை.

நியூ ஜெர்சியில் என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 62 வயது. மகளும் மருமகனும் இறந்துவிட, ஒன்பது வயதுப் பேத்தி இவரிடம் வளர்கிறாள். முழு ஓய்வு வயதான 67-இல் இவருக்கு மாதம் 1,800 டாலர். இப்போதே வாங்கினால் 1,260. ஆனால் 67-க்கான தொகையில் பாதியாக, பேத்திக்கும் மாதம் 900 டாலர் வரை உண்டு. பாட்டி முன்கூட்டியே வாங்குவதால் அந்தப் பாதித்தொகை குறையாது. பாட்டி விண்ணப்பிக்காதவரை அது வராது. பள்ளிப்படிப்பு தொடர்ந்தால்கூட 19 வயதோடு நின்றுவிடும். ஐந்து வருடம் காத்திருந்தால் குழந்தையின் பங்கில் மட்டும் 54,000 டாலர் போய்விடும். வளரும் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய பணம்!

அவசரப்படவும் கூடாது. 67-ஐ எட்டும் ஆண்டுக்கு முன் வேலையும் பார்த்தால், வருமான வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடிப்பார்கள். குழந்தையின் பணத்திலும் அது விழும். குடும்பத்துக்கென்று மொத்த உச்சவரம்பும் இருக்கிறது.

பேரக்குழந்தைக்கு இந்தப் பணம் கிடைக்க, பெற்றோர் இருவரும் இறந்திருக்க வேண்டும், அல்லது உடல்நலக் குறைவால் உழைக்க இயலாதவர்களாக இருக்க வேண்டும். சிறையிலோ போதையிலோ இருந்தால் அது போதாது. அப்போது குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். இந்த விதி எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. தத்தெடுக்காத பேரக்குழந்தை என்றால், உங்கள் ஓய்வூதியம் தொடங்கும் மாதத்துக்கு முந்தைய ஓராண்டு குழந்தை உங்களோடு வாழ்ந்து, அதன் செலவில் பாதியாவது நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். ஆகவே பள்ளிக் கடிதங்களையும் மருத்துவ ரசீதுகளையும் இன்றே ஒரு ஃபைலில் போடுங்கள்.