வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி

ஆடிப் பட்டத்துக்கு ஈரம் போதுமா போதாதா என்பதை மானாவாரி விவசாயிகள் பெரும்பாலும் கொழுமுனையைக் கொண்டுதான் பார்த்து வருகிறார்கள். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கண்டு, "ஓர் உழவு மழை" என்றோ "அரை உழவு கூட வராது" என்றோ சொல்வது கிராமங்களில் வழக்கம். இது தவறான முறை அல்ல. மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை இதைவிட நேராகக் காட்டுவது வேறொன்றும் இல்லை. ஆனால் கணக்கு எழுதி வைக்க இது உதவாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு மழைக்கு விதைத்தபோது பயிர் தப்பியது என்று கேட்டால், "நல்ல மழைதான்" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

கோடை மழையும் ஆடி மழையும் ஊர் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அந்தப் பக்கம் தூறலோடு நின்றுவிடும். தாலுகா தலைநகரில் 40 மில்லிமீட்டர் பெய்ததாக மறுநாள் பத்திரிகையில் வரும்போது, பத்து கிலோமீட்டர் தள்ளி உள்ள காட்டில் 8 மில்லிமீட்டரே பெய்திருக்கக்கூடும். பத்திரிகைக் கணக்கை நம்பி நிலக்கடலை விதைப்பவர் ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பை மண்ணில் போட்டுவிட்டு, பாதி முளைத்தும் பாதி முளைக்காமலும் இருக்கும் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மறுவிதைப்புக்குக் கடன் வாங்கினால், அந்தப் போகத்தில் மிஞ்சுவது ஒன்றும் இராது.

செம்மண் மானாவாரியில் விதைப்புக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் மழை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கரிசலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். சொந்தக் காட்டில் பெய்தது 12 மில்லிமீட்டரா, 25 மில்லிமீட்டரா என்று தெரிந்துகொள்ளச் சில நூறு ரூபாய்ச் செலவு போதும்.

மழையை அளப்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், தானியக் களஞ்சியத்தின் முன்பு ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்க வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் மரக்கால் மழை வேறு. அது முன்கூட்டிச் சொல்வது; அதுவும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது. எந்தக் காட்டில் எவ்வளவு விழுந்தது என்பதைக் காட்டில் வைத்த பாத்திரம்தான் சொல்லும்.

எதை வாங்குவது?

இப்பொழுது மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் ஒன்றாக அளந்து வீட்டுக்குள் இருக்கும் திரையில் காட்டும் கருவிகள் பல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. செல்போனிலும் பார்க்கலாம். வசதி உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது சாதாரண மழைமானி ஒன்று மட்டுமே. அடுத்து, உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி. காற்றுமானி கடைசி. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஒரு கழியில் கட்டிய துணியே காட்டிவிடும். மருந்து தெளிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய அது போதும்.

மழைமானியில் முக்கியமானது புனல் வாயின் பரப்பு. வானிலைத் துறையின் கண்ணாடியிழை மழைமானிகள் 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ளவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவுக் குவளை உண்டு. குவளை உடைந்து போனால், கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கி ஊற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 200 சதுர சென்டிமீட்டர் புனலில் விழுந்த நீரை 100 சதுர சென்டிமீட்டருக்கு உரிய குவளையில் அளந்தால், பெய்த மழை இரண்டு பங்காகத் தெரியும். 10 மில்லிமீட்டர் பெய்ததை 20 என்று எண்ணி விதைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வாய் விட்டம் 16 சென்டிமீட்டர் உள்ள புனலை ஒரு பெரிய பாட்டிலின் மேல் பொருத்தினால், அதன் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். பாட்டிலில் சேரும் ஒவ்வொரு 20 மில்லிலிட்டரும் 1 மில்லிமீட்டர் மழை. ஊசி மருந்துக்கான பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி அளந்துவிடலாம். பாட்டில் இரண்டு லிட்டராவது கொள்ள வேண்டும். அப்பொழுதுதான் 100 மில்லிமீட்டர் மழை வழியாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடிக்கும் கடலோர மாவட்டங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதும் உண்டு. அங்கே பாட்டிலை ஒரு வாளிக்குள் வைத்து, புனலின் விளிம்பு வாளியின் வாயை முழுவதும் மூடும்படி செய்தால், வழிவதும் வாளிக்குள் தங்கும். அதையும் சேர்த்து அளக்கலாம்.

இன்னும் எளிய வழி, பக்கங்கள் நேராக உள்ள பால் பவுடர் டப்பா. அதில் நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்தால் அதுவே மில்லிமீட்டர் கணக்கு. சாய்ந்த பக்கம் உள்ள வாளிக்கும் தவலைக்கும் இது பொருந்தாது. சிறு மழையை இப்படித் திருத்தமாக அளக்க முடியாது என்றாலும், இல்லாததற்கு இது மேல்.

எங்கே நடுவது?

கருவியை விட இடம்தான் பலரும் கோட்டை விடும் விஷயம். மாடியில் வைத்தால் ஆடு மாடு தொடாது, பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிடுகிறார்கள். மாடி விளிம்பில் காற்று மோதி மேலே சுழலும்போது மழைத்துளிகளைப் புனலுக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறது. பெய்ததில் ஒரு பகுதி அளவில் வராது. காற்று பலமாக இருக்கும் நாளில் இந்தக் குறைவு இன்னும் அதிகம்.

தரையில், திறந்த இடத்தில் நடுவதே சரி. பக்கத்தில் உள்ள வீடு, மரம், வைக்கோல் போர் ஆகியவை மழைமானியை விட எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் விட வேண்டும். நான்கு மடங்கு விட முடிந்தால் மிகவும் நல்லது. 15 மீட்டர் தென்னைக்கு 30 மீட்டர் தள்ள வேண்டும் என்றால், பல வீட்டுக் கொல்லைகளில் அதற்கு இடமே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் கொல்லையை விட்டுவிட்டு, கிணற்று மேட்டுக்கு அருகிலோ வரப்போரமாகவோ வயலிலேயே நட்டுக்கொள்ளலாம். தினமும் நடந்து போகும் வழியில் இருக்கட்டும். ஒதுக்குப்புறத்தில் வைத்தால் நான்கு நாள் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் மறந்துவிடும்.

புனல் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதற்குக் கீழே போனால் தரையில் மோதித் தெறிக்கும் நீர் உள்ளே விழும். சிமெண்டுக் களத்தில் தெறிப்பு அதிகம் என்பதால் அங்கே வைக்கக் கூடாது. புல் தரை நல்லது. அடிப்பகுதியைச் சிறிய சிமெண்டு மேடையில் பதித்து, விளிம்பின் மேல் ரசமட்டம் வைத்து இரு பக்கமும் மட்டம் பார்க்க வேண்டும். சாய்ந்திருக்கும் புனலின் கணக்கை நம்ப முடியாது. ஆடுகள் உரசாமல் இருக்க முள்வேலி போடலாம். வேலி தாழ்வாகவும் சற்றுத் தள்ளியும் இருக்கட்டும்.

வெப்பமானியைத் திண்ணைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது பயனற்றது. பகலில் சூடேறிய சுவர் இரவிலும் வெப்பத்தை விடுவதால், குறைந்த வெப்பம் கூடுதலாகக் காட்டும். வெயிலில் வைத்தாலோ பகல் கணக்கு தப்பும். நாலாபுறமும் சாய்சட்டம் அடித்த, வெள்ளை வர்ணம் பூசிய மரப்பெட்டி செய்து, சுமார் நான்கடி உயரக் காலில் நிறுத்தி, கதவு வடக்கே பார்க்க வைப்பது முறை. தமிழ்நாட்டில் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுவதால், அந்த மாதங்களில் கதவைத் திறந்ததும் அளவைப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும். நெல் பயிரிடுவோருக்கு இந்தப் பெட்டியால் கிடைக்கும் பலன் மார்கழி, தையில் தெரியும். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் போய், இலையில் பனி காயாமல் நின்றால் குலைநோய்க்கு ஏற்ற காலம். அந்த நாட்களில் தினமும் வயலில் இறங்கி இலைப்புள்ளி பார்க்க வேண்டும். தழைச்சத்து மேலுரத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

குறிப்பேடு

அளவெடுக்க வேண்டியது காலை 8.30 மணிக்கு. வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்ததை அளவெடுத்த நாளின் தேதியில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் போடுங்கள்; வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா, பார்க்கவில்லையா என்று பின்னால் தெரியாது. விதைத்தது, களையெடுத்தது, நீர் பாய்ச்சியது ஆகியவற்றையும் அதே வரியில் எழுதினால் வரவு செலவுக் கணக்கைப் போலவே அது உதவும்.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,047 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அன்று பாய்ச்ச வேண்டிய முறையைத் தள்ளிப் போடலாமா என்பதை இதைக் கொண்டு முடிவு செய்யலாம். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வானிலைத் துறை அதை மழை நாளாகவே எண்ணுவதில்லை. கோடையில் அந்தத் தூறல் மேல் மண்ணோடு காய்ந்துவிடும். இந்த ஏடு பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்குச் சான்று ஆகாது. மகசூல் இழப்பை அங்கே பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள்.

திரையுள்ள தானியங்கி வாங்கியவர்களும் பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானி வைத்துக்கொள்வது நல்லது. தானியங்கியின் உள்ளே ஏற்றம் போல மாறி மாறிச் சாயும் இரண்டு சிறு கிண்ணங்கள் உண்டு. அவை சாயும் எண்ணிக்கைதான் மழை அளவாகிறது. புனல் துளையில் எறும்பு மண் வைத்தாலும், சிலந்தி கூடு கட்டினாலும், வேப்பம் பூ விழுந்து அடைத்தாலும் கிண்ணம் அசையாது; திரையில் பூஜ்யம்தான் இருக்கும். சரிபார்க்க, 200 சதுர சென்டிமீட்டர் புனலானால் 200 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்தில் விட வேண்டும். திரையில் 10 மில்லிமீட்டர் அல்லது அதை ஒட்டி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே புனலைக் கழற்றித் துளையை ஈர்க்குச்சியால் சுத்தம் செய்து, பேட்டரியையும் மாற்றிவிட வேண்டும்.