இரத்தத்தில் பரவும் கேண்டிடா தொற்று: காய்ச்சல் தணிந்த பின்னும் மருந்து ஏன்?

கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை நம் வாயிலும் குடலிலும் பொதுவாகத் தீங்கின்றி வாழ்வது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருப்போர், வயிற்று அறுவை சிகிச்சை பெற்றோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு அது இரத்தத்தில் கலந்து கண், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கக்கூடும். ஆன்டிபயாடிக் கொடுத்தும் தணியாத காய்ச்சலே பெரும்பாலும் முதல் அறிகுறி.

இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வரச் சில நாள்கள் ஆகும். தொற்று இருந்தும் சில வேளைகளில் அதில் தென்படாது. ஆகவே முடிவுக்கு முன்பே மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம். எவ்வகைக் கேண்டிடா என்பதும் முக்கியம்: 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், ஃப்ளுகோனசோலுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. முதலில் எக்கினோகேண்டின் வகை மருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்படும். இயன்றால் பெரிய இரத்தக் குழாயில் பொருத்திய சென்ட்ரல் லைன் அகற்றப்படும். கண் பரிசோதனையும் தேவை.

உறுப்புகள் பாதிக்கப்படாதவர்க்கும் பொதுவாக 14 நாள் சிகிச்சை வேண்டும். அந்நாள்கள் முதல் ஊசியிலிருந்து அல்ல, இரத்தத்தில் பூஞ்சை இல்லை எனச் சோதனை காட்டிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். புதுச்சேரி ஜிப்மரில் சிகிச்சை முடித்துக் கடலூர், விழுப்புரம் எனச் சொந்த ஊர் திரும்புவோர் இத்தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். காய்ச்சல் மீண்டாலோ பார்வை மங்கினாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவும்.